ஹெல்காவுக்கு ஒரு வெண்டைக்காய்

முடங்கியாற்றங்கரையில் காலைநடை போகிறவர்களில் நான்தான் பேரழகன். இராஜபாளையத்தில் இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் கண்ணாடி மாற்ற வேண்டியவர்கள். பேண்டேஜ் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு ஆண்டவன் கொடுத்த பென்ஷன்தான் எபனேசர். மம்சாபுரத்தில் போஸ்ட்மாஸ்டராக இருந்தவர். ஏமாறுவதற்கென்றே ஆண்டவன் பொறுமையாக உட்கார்ந்து செய்த மனிதர். அவர் இல்லாத ஊரில் எனக்குப் பொழுது எப்படி விடியும்?

அந்தப் பொழுதுக்குத்தான் ஆபத்து வந்தது. மெல்பர்னில் இருக்கும் மகள் ஜூடிக்குத் தை மாதம் பேறுகாலம். எபனேசரின் மனைவி தேவகிருபைக்கு உடனே போக வேண்டும். ஆனால் மதுரைக்குக்கூடத் தனியாகப் போனதில்லை. எபனேசருக்கோ ஊரை விட்டு நகர மனமில்லை.

"கிருபைகிட்ட பந்தயம் கட்டியிருக்கேன் அண்ணாச்சி," என்றார் நடந்துகொண்டே. "அந்த ஊர்ல ஒரு வெளையாட்டு இருக்குன்னு ஜூடி சொன்னா. தபால்பெட்டின்னு ஒரு டப்பாவை எங்கயாவது ஒளிச்சு வச்சிட்டு, குறிப்பை மட்டும் நெட்ல போடணும். கண்டுபிடிக்கிறவன் உள்ளே இருக்கிற நோட்டுல தன்னோட முத்திரையைக் குத்திட்டுப் போவான். இந்தக் கரையில நானும் ஒண்ணு வச்சிருக்கேன். கிறிஸ்மஸுக்குள்ள எவனாவது வெளியூர்க்காரன் வந்து குத்திட்டா நான் இங்கதான். இல்லன்னா வீட்டைப் பூட்டிட்டு அவகூடப் போயிருதேன்."

"எவன் வருவான்?"

"வரமாட்டான்னுதான் அவ குதிக்கா."

மறுநாளே தேடக் கிளம்பினேன். 'ஆறு முதுகைத் திருப்பும் இடத்தில், மண்டியிட்ட யானையின் வாலுக்கடியில்' என்பது குறிப்பு. இமயமலை ஏறியவனுக்குக்கூட அத்தனை துன்பம் இருந்திருக்காது. முள் என் வேட்டியை உரித்தது. நாகப்பாம்புகள் வரிசையாக நின்று வழிவிட்டன. கடைசியில் ஆற்று வளைவில், யானை போலக் கிடந்த பாறையின் இடுக்கில் கையை விட்டேன். தபால் சாக்கில் சுற்றிய பிளாஸ்டிக் டப்பா வந்தது. உள்ளே மைப்பெட்டி, வெறும் நோட்டு, எபனேசரின் ரப்பர் முத்திரை. முத்திரையில் இருந்தது சாம்பல் அணிலாம். பெருச்சாளி மாதிரி இருந்தது.

என் சட்டைப்பையிலிருந்து, வீட்டில் சாம்பாருக்கு வைத்திருந்த வெண்டைக்காயை எடுத்தேன். குறுக்கே வெட்டி, மையில் தொட்டு அழுத்தினால் அடடா, ஐந்திதழ்ப் பூ! பக்கத்தில் இடதுகையால் ஆங்கிலத்தில் எழுதினேன்: ஹெல்கா, ஜெர்மனி.

எபனேசர் கரையில் குழந்தை மாதிரி ஓடிவந்தார். "அண்ணாச்சி! ஜெர்மனி! ஜெர்மனிக்காரி வந்திருக்கா!"

அடுத்த வாரம் பாகற்காய் ஜப்பானிலிருந்து வந்தது. உருளைக்கிழங்கில் செதுக்கிய கரடி கனடாவிலிருந்து வந்தது. எங்கள் வீட்டில் குழம்புக்குக் காய் மிஞ்சவில்லை.

வெண்டைக்காய் நறுக்கியே வாழ்நாள் போன பெண்பிள்ளையை ஏமாற்ற முடியுமா? ஒருநாள் காலையில் தேவகிருபை நோட்டோடு கரைக்கே வந்துவிட்டார்.

"இது வெண்டைக்கா. இது பாவக்கா. ஜெர்மனியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அண்ணாச்சி, இது ஒங்க வேலதான? அவியகிட்ட நீங்களே சொல்லிருங்க. எம்மக அங்க ஒத்தையில கெடக்கா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

எபனேசர் என் முகத்தைப் பார்த்தார். "நீங்களா அண்ணாச்சி?"

ஒரே சொல்லில் முடிந்திருக்கும். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னால் மறுநாள் காலை நான் யாரோடு நடப்பது? நெஞ்சில் கையை வைத்தேன். "அம்மா, எனக்கு வெண்டைக்காயே ஆகாது. ஒடம்பெல்லாம் தடிச்சிரும். போஸ்ட்மாஸ்டரை ஒலகமே தேடி வருது, வீட்டுல மட்டும் மதிப்பில்லாமப் போச்சே!"

எபனேசர் நோட்டைப் பிடுங்கிக்கொண்டார். "ஒனக்குப் பொறாம, கிருபை."

அந்த அம்மாள் தனக்கு மட்டும் டிக்கெட் எடுத்தார். டிசம்பர் ஞாயிறு ஒன்றில், சென்னை ரயிலுக்குத் தனியாகக் கிளம்பினார். வழியனுப்ப எபனேசரால் வர முடியவில்லை. ஏனென்றால் அதே ஞாயிறு மாலை மறுபடி வருவதாக ஹெல்கா நோட்டில் எழுதியிருந்தாள். அந்த வரிக்கு நான் இரண்டு வெண்டைக்காய் செலவழித்தேன்.

பெட்டி தூக்க ஸ்டேஷனுக்கு நானே போனேன். இனிய மனிதனல்லவா நான்! தேவகிருபை ஜன்னலோரம் உட்கார்ந்து, பாஸ்போர்ட்டை மாரோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

"அண்ணாச்சி, இருட்டுனா அவியளுக்குக் கண்ணு தெரியாது. கூட்டிட்டுப் போய் வீட்டுல விட்டுருங்க."

"நான் இருக்கேம்மா," என்றேன். ரயில் போயிற்று.

கரைக்குப் போனபோது எபனேசர் கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்திருந்தார். மடியில் பால்கோவா. அதற்காகவே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறிப் போய் வந்திருக்கிறார்.

"கிருபை ஏறிட்டாளா? அழுதாளா?"

"சிரிச்சிக்கிட்டே போனாங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "ஹெல்காவை இன்னும் காணோமே," என்றார்.

"அடப் பாவமே! வாற வழியிலதான் பாத்தேன். வெள்ளக்காரி, தென்னமரம் ஒசரம். ஒங்களைத் தேடித் தேடி அலுத்து, இப்பத்தான் பஸ் ஏறுனா."

"செத்த முன்னாடி எந்திரிச்சுப் போயிருந்தா பாத்திருப்பேன்," என்றார். "மறுபடி வருவாளா அண்ணாச்சி?"

"வராம எங்க போவா? அடுத்த ஞாயிறே வருவா."

பால்கோவாவை அவர் மடியிலிருந்து எடுத்துப் பிரித்தேன். நெய் மணத்தது. இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு கையால் தின்றுகொண்டே மறுகையால் அவரைப் பிடித்து, பூட்டிக்கிடந்த அவர் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வழியில் காய்கறிக் கடை திறந்திருந்தது. வெண்டைக்காய் அன்றைக்கு நல்ல பிஞ்சு.