சாளைக்கு நிரை போட்ட சுருளியம்மாள்

சுருளியம்மாளின் பதவிக்கு இன்னும் மூன்று மணி நேரம்தான் ஆயுள்.

மூணாறு மலையில் கொழுந்தெடுக்கும் பதினோரு பெண்களை வேனில் ஏற்றி, சாவக்காட்டுக் கடற்கரைக்குக் கூட்டி வந்த டூர் தலைவி அவள். "கார்த்திகையில சாளைமீனு கூட்டங்கூட்டமாக் கரையேறும். சும்மா அள்ளிக்கலாம்ட்டி!" என்று அளந்துவிட்டிருந்தாள். இரண்டு நாளாயிற்று. கடல் ஒரு செதிலைக்கூடக் காட்டவில்லை. பத்து மணிக்கு வேன் கிளம்புகிறது.

"போன வருசம் யானை காட்டுறேன்னு கூட்டிப் போயி அது போட்ட லத்தியக் காட்டுனா. இந்த வருசம் உப்புத் தண்ணி," என்றாள் கத்தரீனாள், கடற்கரை வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்றாமல். "அடுத்த டூருக்கு நாந்தான் தலைவி. யாருக்காச்சும் மறுப்பு உண்டாட்டி?"

சுருளியம்மாள் கடலை ஒரு தடவை முறைத்தாள்.

"வேன் கிளம்பட்டும், அப்புறம் பேசு," என்றாள்.

அப்போது வானத்தில் ஒரு செம்பருந்து. நான்கு. இருபது!

அவற்றின் அடியில் தண்ணீர் திட்டுத் திட்டாகக் கறுத்தது. அடுத்த அலை மணலில் வந்து விழுந்தபோது, அலை முழுக்க வெள்ளி!

சாளை! ஆயிரக்கணக்கில் துள்ளின.

ஊர் ஜனம் பக்கெட்டும் குடமுமாகப் பாய்ந்தது. ஒருவர் கைலியின் முனையையே வலையாக்கினார்.

மலைப் பெண்கள்? அசையவில்லை. தேயிலைக் காட்டில் ஆளுக்கொரு செடி வரிசை, ஒரு நிரை, பிரித்துக் கொடுக்காமல் யாரும் கை வைக்கக் கூடாது. அடுத்தவள் நிரையில் நாலு இலை கிள்ளினால் எடை போடுமிடம் வரை சண்டை வரும். சால்வையை இடுப்பில் மடியாகக் கட்டிக்கொண்டு, வரிசையாக நின்றார்கள்.

"சுருளியக்கா, எனக்கு எந்த நிரை?" என்றாள் சித்ரா.

சுருளியம்மாளும், பழக்க தோஷம், காலால் மணலில் கோடு கிழித்தாள். "இது உனக்கு. இது ராமலட்சுமிக்கு..." அலை வந்து அழித்தது. மறுபடி கிழித்தாள். மறுபடி அழித்தது.

"எனக்கு ஓரத்து நிரை ஆகாது!" கத்தரீனாள் கொதித்தாள். "ஓரத்துல எப்பவும் கம்மியாத்தான் கிடைக்கும்!"

"அக்கா, என் நிரை மீனு அவ நிரைக்குப் போகுது!" சித்ரா அலறினாள்.

பக்கெட்டோடு ஓடிய மலையாளப் பெண் ஒருத்தி கோடுகளைப் பார்த்து, "எந்தா சேச்சி, பூஜையாணோ?" என்று சிரித்தாள்.

சுருளியம்மாள் நிமிர்ந்தாள். பருந்துகள் வடக்கே நகர்ந்துகொண்டிருந்தன. மீன் போகிறது. கூடவே பதவியும்!

"நிரையும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது! விழுந்து அள்ளுங்கட்டீ!"

சொன்னவளே முதலில் விழுந்தாள். கத்தரீனாளின் நிரைக்குள்.

பத்தே நிமிடம். பன்னிரண்டு மடியும் நிறைந்தது.

ஸ்வெட்டர் சொட்டச் சொட்ட, கழுத்துப்பட்டைக்குள் ஒரு சாளை துடிக்க, கத்தரீனாள் நேராகச் சுருளியம்மாளிடம் வந்தாள்.

"அடுத்த வருசமும் நீயே தலைவியா இரு. எனக்கொண்ணும் இல்ல," என்றாள். "ஆனா என் நிரையில அள்ளுனதக் கீழ வை."

சுருளியம்மாள் இரண்டு கை அள்ளி அவள் மடியில் போட்டாள்.

"அந்தப் பெருசு?"

அதையும் போட்டாள்.