ஆறு முயல்கள், ஒரு பூஜ்ஜியம்

காலை எட்டு மணிக்குக் கோழித்தலைகள் வந்துவிடும். நெதர்லாந்தில், உட்ரெக்ட் நகருக்கு வெளியே உள்ள இறைச்சிக்கூடத்திலிருந்து, ஈரத்துணி விரித்த பெட்டியில். அவற்றின் கண்களில் சோப்புக் கரைசலைச் சொட்டி, எவ்வளவு மங்குகின்றன என்று பார்ப்பது என் வேலை; மனிதக் கண்ணில் பட்டால் கெடுதலா என்று அதை வைத்துச் சொல்வோம். ஏற்கெனவே செத்த கோழிகள்; வலியில்லை. முன்பு இந்தச் சொட்டு உயிருள்ள முயல்களின் கண்ணில் விழுந்தது.

அந்த முயல்களில் மிச்சம் ஆறு. அவற்றைப் பார்த்துக்கொள்பவள் ஹில்கா. ஒன்பது வருடம் அவற்றின் கண்ணில் சொட்டு விட்டவளும் அவளேதான். ‘கோழிக்கண் போதும், முயல் வேண்டாம்’ என்று அரசு ஒப்புதல் வந்த அன்று கத்திக் கூத்தாடினாள். ஆறையும் வீட்டுக்குக் கொண்டுபோகத் தோட்டத்தில் கூண்டும் கட்டிவிட்டாள். எங்கள் ஊரில் சந்தோஷம் யாருக்கோ, கேக்கும் அவர் செலவுதான். பாதாம் விழுதில் ஆறு முயல் செய்து மேலே வைக்கச் சொல்லி வெள்ளிக்கிழமைக்கு ஒரு கேக் சொல்லிவைத்தாள்.

அந்த அவசரத்தில்தான் சோதனை உரிமத்தை முடித்துவைக்கும் படிவத்தையும் நிரப்பினாள். ‘விலங்குகள் இனித் தேவையில்லை’ என்ற கட்டத்தில் பெரிதாக ஒரு டிக். ஆனால் முயல்களை வெளியே கொடுக்க அனுமதி கேட்பதே அந்த உரிமத்தின் பேரில்தான். அது முடிந்தால் வெளியே கொடுக்க வழியில்லை, முயல்களைக் கொன்றாக வேண்டும். இரண்டாவது கையெழுத்து என்னுடையது. அந்த டிக்கைக் கவனித்தேன். வீட்டுக்குக் கிளம்பும் நேரம், போட்டுவிட்டுப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை இயக்குநர் எவெர்ட் வந்தார்.

“ஹில்கா, ஆறையும் இன்னிக்கே முடிச்சிடு.”

“விளையாடாதீங்க எவெர்ட். கூண்டு கட்டியாச்சு.”

“வேண்டாம்னு டிக் போட்டது யாரு, நானா?”

“இதுங்க சாகக்கூடாதுன்னுதானே இத்தனை வருஷம் கோழிக்கண்ணைக் கட்டிக்கிட்டு அழுதோம்!”

“சோதனையில செத்தாதான் அரசுக்குக் காட்டுற கணக்கு. இப்படிச் செத்தா சோதனைக் கணக்குல வராது. இந்த வருஷம் நாம பூஜ்ஜியம். சந்தோஷப்படு.”

வேறு ஆள் தொட்டால் மிரளும் என்று அவளே ஊசியை எடுத்தாள். அவளைப் பார்த்ததும் ஆறும் கூண்டு வாசலுக்கு ஓடிவந்தன. கீரை கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்திருக்கும்.

மூன்று மணிக்கு, “கேக் எங்கப்பா?” என்றார் எவெர்ட். வெட்கமே இல்லாத மனிதர். ஹில்கா கொண்டுவந்து வெட்டினாள். எல்லாருக்கும் ஆளுக்கொரு முயல் கொடுத்துவிட்டு, கடைசி முயலை என் முன்னால் நீட்டினாள்.

“படிவத்துல உன் கையெழுத்தையும் பார்த்தேன். தின்னு. இதுவும் கணக்குல வராது.”

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாங்கித் தின்றேன்.