நாடா இல்லாத பாவாடை

கண்ணாடிப் பெட்டி தயார் என்று சங்கச் செயலாளர் வந்து சொன்னபோது டெய்லர் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. மனைவி போய் ஒரு மாதம் ஆகிறது. நாளைக்கு அவளுக்கு மண்டபத்தில் நினைவுக் கூட்டம். அவள் சாமான்களை அந்தப் பெட்டியில் வைத்துக் காட்டப் போகிறார்கள். படங்கள், பாராட்டுப் பத்திரங்கள், மேடையில் போர்த்திய சால்வைகள் என்று வீட்டில் இருந்ததையெல்லாம் வாரிக் கொடுத்தாயிற்று. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

"அந்தப் பை மட்டும்தாண்ணே. அக்காவோட ஜெயில் பை. ஜனங்க பாக்க வேணாமா?"

"அது குடுக்கறதுக்கு இல்லப்பா."

கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது அது. அவள் சிறைக்குப் போகும்போதெல்லாம் எடுத்துப் போக அவர் தைத்த கான்வாஸ் பை. ஒரு காலத்தில் பெரிய மருத்துவமனையில் இந்தப் பேட்டைக்காரர்களுக்கு முன்வாசல் கிடையாது. பிணவறையை ஒட்டிய சந்து வழியாகத்தான் போக வேண்டும், பிரசவத்துக்கும் அதே சந்துதான். வலி கண்ட ஒருத்தியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு இவர் மனைவி முன்வாசல் வழியாகவே நடந்தாள். அன்றைக்கே பிடித்து உள்ளே போட்டார்கள். மறுநாள் இவர் பார்க்கப் போனால், கம்பிக்குப் பின்னால் பாவாடையை ஒரு கையால் பிடித்தபடி நிற்கிறாள். கழுத்தில் சுருக்குப் போட்டுக்கொள்வார்களாம், நாடாவை உருவிக்கொண்டு விட்டார்கள். நீதிபதி முன்னாலும் அப்படிப் பிடித்துக்கொண்டேதான் வாதாடினாளாம். கட்டியவன் தையல்காரனாக இருந்தும் பெண்டாட்டிக்கு இந்தக் கதியா! வீட்டுக்கு வந்தவர், இடுப்பில் எலாஸ்டிக் வைத்து ஒரு பாவாடை தைத்து முடித்த பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார்.

முன்வாசல் எல்லோருக்கும் திறந்தது. அதோடு விட்டாளா? பேட்டைக்காரர்களுக்கு ஓட்டுரிமை, வீடுகளை இடிப்பதற்கு எதிர்ப்பு என்று அடுத்தடுத்துப் போராட்டமும் சிறையும் வந்தன. வெளியே இருக்கும் நாளில் யார் பிள்ளையையோ பள்ளிக்கூடத்தில் சேர்க்கவும், யாருக்கோ மருந்து வாங்கவும் ஓடினாள். தேடி வருகிறவர்களிடம், "வெளிய போயிருக்கா" என்பார் இவர். அவள் சிறையில் இருந்தாலும் அதே பதில்தான். திரும்பி வந்ததும் பையைக் கொட்டித் துவைத்து, சோப்பை மாற்றி, அவள் இடுப்பு இளைத்திருந்தால் பாவாடையைப் பிடித்துத் தைத்து, பெருத்திருந்தால் பிரித்துவிட்டு, மறுபடி ஆணியில் மாட்டுவார். போகாதே என்று அவளிடம் வாய் திறந்து ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் மட்டும் கேட்டுவிடுவாளா என்ன!

போன மாதம் அவளுக்கு நெஞ்சுவலி என்று ஆம்புலன்ஸ் வந்தபோதும், இருந்த பதற்றத்தில் அந்தப் பையைத்தான் தூக்கிக்கொண்டு ஓடினார். அதே முன்வாசல். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவள் பையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"எந்த ஸ்டேஷனுங்க?"

அவள் அவரிடம் கடைசியாகப் பேசியது அதுதான். பை பிரிக்காமலே வீட்டுக்குத் திரும்பி வந்தது.

"ஏம்பா இப்படி அடம் பிடிக்கறீங்க?" என்றாள் அடுக்களையிலிருந்து வந்த மகள். "இங்க வெச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"உங்கம்மாவ முழுசா ஊருக்குக் குடுத்தாச்சும்மா. இத ஒண்ண எனக்கு விடுங்களேன்." செயலாளர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அப்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். மருத்துவமனையில் தரை துடைக்கிறவள். செயலாளரைத் தேடி வந்திருந்தாள்.

"நாளைக்குக் கூட்டத்துக்கு எங்களால வர முடியாதுண்ணே. துடைக்கறவங்க பின்சந்து வழியாத்தான் வரணும்னு புதுசா போர்டு மாட்டியிருக்காங்க. காலையில நாங்க முன்வாசல் வழியாத்தான் போகப் போறோம். போனா போலீஸ் வருமாம்."

டெய்லர் ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தார்.

"என்னம்மா எடுத்துட்டுப் போறே?"

"எங்க, மாமா?"

"உள்ளதான்."

அவளுக்குப் புரியவில்லை. "என்ன எடுத்துட்டுப் போகணும்?" என்றாள்.

அட, இதைக்கூடச் சொல்லித்தர ஆளில்லையே என்றிருந்தது அவருக்கு. எழுந்து போய் ஆணியிலிருந்து பையை எடுத்தார். "சோப்பு இருக்கு. சீப்பு, துண்டு, போர்வை எல்லாம் இருக்கு. நாடா வெச்சதக் கட்டிக்கிட்டுப் போகாதே, உருவிடுவாங்க." பாவாடையை உதறி அவளிடம் நீட்டினார். "இடுப்புல வெச்சுக் காட்டு."

நன்றாகத் தொளதொளத்தது. ஒல்லியான பெண்.

"கொஞ்சம் உட்காரு. பிடிச்சுத் தரேன்."

"அண்ணே, அப்ப பெட்டியில என்ன வைக்கறது?" என்றார் செயலாளர்.

"சும்மா இருக்கட்டும். யாராவது கேட்டா, வெளிய போயிருக்குன்னு சொல்லு."

மெஷினில் உட்கார்ந்து பாவாடையைப் புரட்டினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இடுப்பில் தான் போட்ட பழைய தையலைப் பிளேடு நுனியால் நெம்பினார். முதல் இழை விட்டுக்கொடுக்க மறுத்தது, அப்புறம் வந்துவிட்டது. நூலை முழுக்க உருவிய பிறகும் துணியில் அவள் இடுப்பளவு ஒரு மடிப்பாக நின்றது. கட்டைவிரலால் அதை நீவினார். போகவில்லை. அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருக்க, மறுபடியும் நீவினார்.