அவர் ஏறினால் மட்டும் வரும் நாற்றம்

தையல்காரம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியும் என்றால் தெருவில் பாதிப் பேர் இன்னும் நம்பமாட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய பிறகு தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட வித்தை. வேறு வழியில்லை. வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டிய கணவருக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. தெரு இன்னும் அவரை டிரைவர் என்றுதான் கூப்பிடுகிறது. அதைக் கேட்டால் அவருக்கு முகம் சுண்டிப்போகும்.

வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனையில் பயிற்சி. கால் மெல்ல மெல்லச் சொன்ன பேச்சைக் கேட்டது. கைதான் அடம்பிடித்தது. பயிற்சி கொடுக்கும் பெண் ரப்பர் பந்தை உள்ளங்கையில் வைத்து, "அமுக்குங்க சார்" என்று கெஞ்சுவாள். விரல்கள் அது பாட்டுக்குக் கிடக்கும். "செத்த கைம்மா, விட்டுடு" என்பார் அவர்.

போதாக்குறைக்குக் காரில் நாற்றம். ரப்பர் கருகுகிற நாற்றம். மருத்துவமனை வாசலில் இறங்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

"கிளட்ச் மேல கால வச்சே ஓட்டுற. வண்டி கரியானாத்தான் உனக்கு நிம்மதி" என்றார் கணவர். தன் தம்பிக்குப் போன் போட்டு, வண்டியை வாங்க ஞாயிற்றுக்கிழமை ஆள் வர ஏற்பாடும் செய்துவிட்டார். வண்டி போனால் இவர் கட்டிலை விட்டு இறங்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். வாடகைக் கார் என்றால் வாசல்படி தாண்டமாட்டார். கண்டவன் தூக்கி உட்காரவைக்க அவர் என்ன மூட்டையா என்று கேட்பார். மனுஷனுக்கு ரோஷம் மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

கணவருக்குத் தெரியாமல் அவள் மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போனாள். ஊரில் அவனுக்கு மூக்கன் என்று பெயர். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் மோந்து பார்ப்பான். பெல்ட் வழுக்குகிறதா, ஆயில் சொட்டிச் சூடான சைலன்சரில் விழுகிறதா, பிளாஸ்டிக் பை ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து நிமிர்ந்து பார்த்தான். ஒரு சுற்று ஓட்டியும் வந்தான்.

"வண்டி மேல ஒரு குத்தமும் இல்லக்கா."

"அவர் ஏறினா மட்டுந்தாம்ப்பா வருது. பக்கத்துல உக்காந்து மொறச்சா எனக்குக் காலு உதறுது. நாந்தான் எதையோ கெடுக்கறேன் போல."

"அப்ப அவரையும் கூட்டிட்டு வாங்க. அவரையும் மோந்து பாத்துடலாம்" என்றான் மூக்கன்.

மறுநாள் பயிற்சி முடிந்து நேராகப் பட்டறைக்கு விட்டாள். நாற்றம் அவர்களோடு வந்து இறங்கியது. மூக்கன் நான்கு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோனான். முன்சக்கரங்கள் வெதுவெதுப்பு. பின்சக்கரங்களிடம் கை அண்டமுடியவில்லை.

"இது ரப்பரும் இல்ல, கிளட்சும் இல்லண்ணே. பின்னாடி பிரேக்கு காயுது. ஹேண்ட்பிரேக்க போட்டுட்டே ஓட்டினா இப்படித்தான் வரும்."

"கேட்டியா?" என்றார் கணவர்.

"சத்தியமா முழுசா இறக்கிட்டுத்தான் கிளம்பறேன். நிறுத்தினதும் மறுபடி இழுத்துப் போட்டுடறேன்."

"போட்டிருந்தா செவப்பு லைட்டு எரியணுமே" என்று மூக்கன் உள்ளே எட்டிப் பார்த்தான். பல்பு எப்போதோ போயிருந்தது. "சரி, ஓட்டுங்கக்கா. நான் பின்னால உக்காந்துக்கறேன்."

அவள் கணவருக்கு பெல்ட் மாட்டினாள். தோள் தொங்கி வலிக்கக்கூடாது என்று, எப்போதும்போல அவருடைய வலது கையை எடுத்து இரண்டு சீட்டுக்கும் நடுவில் வைத்தாள். ஹேண்ட்பிரேக்கை மூக்கன் பார்க்கவே இறக்கினாள். கிளம்பினார்கள்.

பள்ளிக்கூட வளைவில் எதிரே ஒரு லாரி அகலமாகத் திரும்பியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓரம் கட்டினாள்.

"அக்கா, அப்படியே நிறுத்துங்க. ஹேண்ட்பிரேக்க மட்டும் தொடாதீங்க" என்றான் மூக்கன்.

அவள் பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். ஹேண்ட்பிரேக் ஒரு பல் மேலே ஏறியிருந்தது. அதைச் சுற்றி அவருடைய வலது கை விரல்கள் மடங்கியிருந்தன. இறுக்கத்தில் விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

"நான் இழுக்கல" என்றார் அவர். "செத்த கையால எப்படிடா இழுக்க முடியும்?"

"பின்ன நானா இழுத்தேன்? லாரியப் பாத்ததும் நீங்கதாண்ணே இழுத்தீங்க. இந்த ரெண்டு கண்ணால பாத்தேன்."

அவர் தன் கையையே பார்த்தார். ரொம்ப நாள் பேச்சுவார்த்தை இல்லாத சிநேகிதன் வாசலில் வந்து நிற்பதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவர் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவும் இல்லை. அவளும் அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

"பந்த அமுக்குங்கன்னு அந்தப் பொண்ணு தலையால தண்ணி குடிச்சா. அமுக்கல. நான் ஓட்டற லட்சணத்தப் பாத்துப் பயந்து உசுரு வந்திருக்கு, பாருங்க."

"உசுரு போகாம இருந்ததே பெருசு" என்றார் அவர். நெடுநாளைக்குப் பிறகு அவர் பேச்சில் பழைய குறும்பு இருந்தது.

மூக்கன் பின்சக்கரங்களைக் கழற்றி, காய்ந்து கருகிய பிரேக் கட்டைகளை மாற்றினான். புது பல்பும் போட்டான். அதற்குள் அவர் போனைக் கேட்டு வாங்கித் தம்பியிடம் பேசினார். "ஞாயித்துக்கிழமை யாரையும் கூட்டிட்டு வராதடா. வண்டி விக்கிறதா இல்ல. உங்கண்ணிக்கு இன்னும் ஓட்டவே வரல, பழகணும்."

"இனிமே அண்ணன் கைய ஹேண்ட்பிரேக் பக்கம் வைக்காதீங்கக்கா" என்று சொல்லி அனுப்பினான் மூக்கன்.

பின்னே எங்கே வைப்பது? கியரைப் பிடித்த தன் இடது கையின்மேல் எடுத்து வைத்துக்கொண்டாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முதல் வளைவில் ஒரு பஸ் குறுக்கே வந்தது. அவர் விரல்கள் இறுகி, அவள் வளையல் மணிக்கட்டில் அழுந்தியது. நன்றாகவே வலித்தது.

வீட்டுக்கு நேர் வழி இருந்தது. அவள் வளைவு அதிகமுள்ள சுற்று வழியில் வண்டியைத் திருப்பினாள்.