பார்த்துச் சொல்லு

சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் விரிக்கும் சரசரப்பு கேட்டதும் தையற்காரிக்குச் சுர்ரென்று ஏறியது. மேஜையைத் துடைத்த ஈரம்கூட இன்னும் காயவில்லை. மற்ற வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவன்மார்கள் தூங்குகிறார்கள், டிவி பார்க்கிறார்கள், குறைந்தபட்சம் எங்கேயாவது வெளியே போய்த் தொலைகிறார்கள். இவர் மட்டும் பனியனை மாட்டிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, மூத்தாளைச் சிங்காரிக்க உட்கார்ந்துவிடுகிறார்.

மூத்தாள் என்றால் துப்பாக்கி. இரட்டைக் குழல், நடுவில் மடக்கித் திறக்கிற பழைய மாதிரி. அவருடைய அப்பா வாங்கியது. அப்பாவுக்குப் பிறகு லைசென்ஸ் இவர் பெயருக்கு மாறியது. கல்யாணமான புதிதில் தன் துணிமணிகளுக்கு இடம் தேடி அவள் பீரோவைத் திறந்தபோது, ஒரு பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டு அது நிமிர்ந்து நின்றது. நகர்ந்து கொடுக்கும் உத்தேசம் அதற்கும் இல்லை, அவருக்கும் இல்லை. அன்று அவள் வைத்த பெயர்தான் மூத்தாள். வேடிக்கைக்குத்தான் வைத்தாள். அவர் அதை நிஜமென்று எடுத்துக்கொண்டுவிட்டார்.

சோறு போடுவதும் அதுதான் என்பதை அவள் மறுக்கவில்லை. நகைக்கடையில் காவலுக்கு ஆள் கேட்டபோது, சொந்தத் துப்பாக்கி வைத்திருப்பவராக இருக்க வேண்டும் என்றார்கள். உண்மையில் கடைக்குத் தேவைப்பட்டது துப்பாக்கி. அதோடு ஒட்டிக்கொண்டு வந்ததால் இவரையும் சேர்த்துக்கொண்டார்கள். இத்தனை வருஷத்தில் அது ஒரு காக்கையைக்கூடச் சுட்டதில்லை. ஆனால் அதற்கு நடக்கும் உபசாரம் இருக்கிறதே! மண்ணெண்ணெயில் நனைத்த துணியைக் கம்பியில் கோத்துக் குழலுக்குள் விட்டு இழுப்பார். பித்தளைப் பிரஷ்ஷால் தேய்ப்பார். அப்புறம் உலர்ந்த துணி, அது போன வெள்ளையாகவே திரும்பி வரும்வரை. கடைசியில் எண்ணெய், அதுவும் விரல் நுனியில் தொட்டு, குழந்தைக்குப் பவுடர் போடுகிற மாதிரி. “அளவாத்தான் போடணும். அதிகமாப் போட்டா வடிஞ்சு கட்டைக்குள்ள இறங்கி மரம் ஊறிப் போயிடும்” என்று காற்றைப் பார்த்து விளக்கம் வேறு சொல்வார். அந்த எண்ணெய் அவளுடைய தையல் மெஷின் எண்ணெய். மூலைமுடுக்கு தேய்க்கிற பல்துலக்கும் பிரஷ் யாருடையது என்று விசாரிப்பதை அவள் விட்டுப் பல காலம் ஆகிறது. தன்னுடையதை மட்டும் தலையணைக்கு அடியில் பத்திரப்படுத்திக்கொள்கிறாள்.

“என் முட்டிக்கு இதுல கால்வாசி எண்ணெய் போட்டிருந்தாக்கூட நான் இந்நேரம் ஓட்டப்பந்தயத்துல ஓடியிருப்பேன்” என்று ஒருமுறை சொன்னாள்.

“உன் முட்டிக்கு லைசென்ஸ் இல்லையே” என்றார் அவர், தலையை நிமிர்த்தாமலே.

இப்படிப்பட்டவரோடு சண்டை போட்டு யார் ஜெயிக்க முடியும்?

கூடத்தையும் உள்ளறையையும் பிரிப்பது ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் அவளுடைய மெஷின். ஆஸ்பத்திரிக்கு வெள்ளைக் கோட்டு தைத்துக் கொடுக்கும் வேலை, நாளைக் காலையில் வண்டி வந்துவிடும். மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு குட்டி மெத்தை, புது விரிப்போடு. மகளுக்கு வேலையில் பயிற்சிக்கு வெளியூர் போகச் சொல்லிவிட்டார்கள். குழந்தையை இங்கே கொண்டுவந்து விடுவதாகப் பேச்சு. இப்போதுதான் நடக்கப் பழகியிருக்கிற குழந்தை. நடப்பது என்றால் சும்மா நடப்பதில்லை, கைக்கு எட்டுகிற எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுக்கொண்டே நடப்பது. மகள் ஒரே ஒரு விஷயத்தில்தான் முரண்டு பிடித்தாள். “அந்தச் சனியன் வீட்ல இருக்கறப்ப எப்படிம்மா விடறது?”

அப்போது அவள்தான் கணவருக்காக வரிந்துகட்டிக்கொண்டு பேசினாள். ஆச்சரியம், ஆனால் நடந்தது. “உங்கப்பாவ என்ன வேணா சொல்லு, சொல்றதுக்கு நானே நிறைய எடுத்துக் கொடுக்கறேன். ஆனா அந்த விஷயத்துல மட்டும் மனுஷன் தங்கம். ரெண்டு பேர் பாக்காம அதத் தொடமாட்டாரு. உம் புள்ளை இங்க இருக்கறது பாங்க் லாக்கர்ல இருக்கற மாதிரி.” மகள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருந்தாள். இன்று காலை போன் வரும். பேத்தி வருவாளா மாட்டாளா என்ற நினைப்பில் அவள் காலையிலிருந்து ஒரு காலர்ப்பட்டையை இரண்டு தடவை தப்பாகத் தைத்துப் பிரித்தாயிற்று.

ரெண்டு பேர் பார்ப்பது என்பது அவருடைய சட்டம். சொந்தக்காரன் கண் பொய் சொல்லும், இன்னொரு ஜோடிக் கண் பார்த்தே தீர வேண்டும் என்பார். அதனால் சுத்தம் செய்ய உட்கார்ந்ததும் துப்பாக்கியை மடக்கித் திறந்து, திறந்த வாயை உள்ளறை வாசல் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு குரல் கொடுப்பார்.

“பாத்துச் சொல்லு!”

“காலி!” என்பாள் இவள், மெஷின் மிதியிலிருந்து காலை எடுக்காமல்.

அதன்பிறகு துப்பாக்கி மூடிக்கொள்ளும். பலகைத் தடுப்பை நோக்கிப் பிடித்து இரண்டு விசையையும் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்துவார். உள்ளே ஸ்பிரிங் விறைத்துக்கொண்டு இருக்கக் கூடாதாம், ஓய்வு கொடுக்க வேண்டுமாம். டிக். டிக். வீட்டிலேயே வெறுமையாக இருக்கிற சுவர் அதுதான் என்பதால் அந்தப் பக்கம். இவளுக்கு அந்த இரண்டு டிக்கும் குக்கர் விசில் மாதிரி பழகிப் போயிருந்தது. அது கேட்டால் இனி மண்ணெண்ணெய் வாடை வரும், மூக்கை மூடிக்கொள்ளலாம்.

இன்றும் குரல் வந்தது. “பாத்துச் சொல்லு!”

“காலி!” என்று கத்திவிட்டு அவள் அடுத்த கோட்டை எடுத்தாள். பாக்கெட் தைக்க வேண்டும். நேற்றே வெள்ளைத் துணியில் சதுரம் சதுரமாக வெட்டி, மடித்து, அடுக்கி ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தாள். கையை நீட்டினாள். ஜன்னல் விளிம்புதான் கைக்குப் பட்டது. கீழே குனிந்து பார்த்தாள், மெத்தைக்கு அடியில் பார்த்தாள். பிறகு அவளுக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. குழலுக்குள் விடுகிற துணியும் சதுரமாகத்தான் இருக்கும்.

“ஏங்க!” நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். முட்டி ஒரு தரம் நிமிர மறுத்தது, அதையும் திட்டிக்கொண்டே வந்தாள். “எம் பாக்கெட்ட எடுத்தீங்களா?”

“உன் பாக்கெட்ல என்ன இருக்கு எடுக்க?”

“வெள்ளைத் துணிங்க! சதுரமா வெட்டி வெச்சிருந்தேனே!”

“அதுவா? நீ ஒழுங்கா வெட்டி அடுக்கி வெச்சதப் பாத்து எனக்குத்தான்னு நெனச்சேன். பரவால்லையே, நம்ம மேலயும் அக்கறை வந்துடுச்சேன்னு மனசு குளுந்து போச்சு.”

“உங்களுக்குக் குளுந்தா போதும். ஆஸ்பத்திரில டாக்டருங்க எல்லாம் பாக்கெட் இல்லாம கையத் தொங்கப் போட்டுட்டு நிக்கட்டும்!”

துணிக்கட்டு மேஜையில்தான் இருந்தது, நல்லவேளை இன்னும் எண்ணெய் படவில்லை. அதைப் பிடுங்கக் குனிந்தாள். அவர் துப்பாக்கியை மூடுவதற்காகக் குழலை மேலே தூக்கினார். ஜன்னல் வெளிச்சம் அதன் திறந்த வாயில் விழுந்தது. இடது பக்கத் துளை இருட்டாக இருந்தது. வலது பக்கம் இருட்டாக இல்லை. மஞ்சளாக, வட்டமாக, சட்டைப் பொத்தான் மாதிரி ஒன்று மினுங்கியது.

ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளால் சொல்ல முடியாது. துணியை விட்டுவிட்டுக் குழலின் மேல் கையை வைத்து அழுத்தினாள். அவர் தூக்கப் பார்த்தார். அவள் விடவில்லை.

“கைய எடு. வேர்வை பட்டா துருப்பிடிக்கும்.”

“அது என்னங்க?”

“எது?”

“அந்த மஞ்சளா இருக்கறது.”

அவர் சலித்துக்கொண்டு நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். பார்த்தார். அப்புறம் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார், பார்க்கப் பார்க்க அது வேறு ஏதாவதாக மாறிவிடும் என்பதுபோல. பிறகு நகத்தை விளிம்பில் கொடுத்து நெம்பி வெளியே எடுத்தார். சிவப்பு உடம்பும் பித்தளை அடியுமாக, உள்ளங்கையில் கனமாகப் படுத்துக்கொண்டது தோட்டா. நாற்காலி முதுகில் தொங்கிய பெல்ட்டில், வரிசையாக நின்ற தோட்டாக்களுக்கு நடுவே ஒரு வளையம் மட்டும் சும்மா இருந்ததை இருவரும் அப்போதுதான் பார்த்தார்கள்.

“நீ காலின்னு சொன்னியே” என்றார். குரல் எங்கேயோ இருந்து வந்தது.

“சொன்னேன்.”

“பாத்துத்தானே சொன்ன?”

“நான் என்னிக்குங்க பாத்தேன்? உள்ளருந்து சுவத்துக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெரியுமா என்ன? நீங்க பாத்திருப்பீங்கன்னு சொல்லுவேன்.”

“என்னிக்குமேவா?”

“புதுசுல ரெண்டு மூணு தரம் எழுந்து வந்து பாத்திருப்பேன். அப்புறம் யாரு எழுந்து வர்றது, கையில வேலைய வெச்சுக்கிட்டு? நீங்கதான் அவ்வளவு ஜாக்கிரதையாச்சே!”

“நீதான் பாக்கறியேன்னுதானே நான்...” என்று ஆரம்பித்தவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்கவும் தேவையில்லை. இவர் பார்த்திருப்பார் என்று அவளும், அவள் பார்க்கிறாள் என்று இவரும், ஒருவர் மேல் ஒருவர் அசைக்க முடியாத நம்பிக்கை வைத்து, இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளாக யாருமே பார்க்காமல் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். வேறு எந்த விஷயத்திலாவது இவ்வளவு நம்பிக்கை இருந்திருந்தால் ஊரே கண்ணு போட்டிருக்கும்.

நேற்று என்ன ஆயிற்று என்று அவர் துண்டு துண்டாக ஞாபகப்படுத்திச் சொன்னார். கடை மூடும்போது வழக்கம்போலத் துப்பாக்கியைத் திறந்தார். ஒரு தோட்டாவை எடுத்துப் பெல்ட்டில் செருகினார். அந்த நேரம் பார்த்து ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது, மேனேஜர் கூப்பிட்டார். துப்பாக்கியை மூடி வைத்துவிட்டு எல்லோருமாகத் தொங்கி ஷட்டரை இறக்கினார்கள். அப்புறம் துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

“பஸ்லயா? இதோடயா?”

“கூட்டம். முழங்காலுக்கு நடுவுல வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். பக்கத்துல ஒரு அம்மா பயந்து நகந்து உக்காந்தாங்க. பயப்படாதீங்கம்மா, வெறும் இரும்புக் குழாய்தான்னு சொன்னேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வழி சரியில்லை. அவள் பலகைத் தடுப்பைப் பார்த்தாள். இந்தப் பக்கம் வெறும் பலகை. அந்தப் பக்கம், துப்பாக்கி நீளும் உயரத்துக்கு அவள் நெஞ்சு வருகிற மாதிரி, சற்றுமுன் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி. இவர் மட்டும் பாக்கெட்டைத் திருடாத யோக்கியராக இருந்திருந்தால் இந்நேரம் அவள் அதில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பாள். நாற்காலிக்குப் பக்கத்தில் மெத்தை. அவரும் அதே பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவதற்கு வாய் நிறைய இருந்தது, இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து. எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை.

“தண்ணி குடிக்கறீங்களா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டுத் தன் மேலேயே எரிச்சல்பட்டாள்.

அப்போது போன் அடித்தது. மகள்தான். ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தாள்.

“அம்மா, யோசிச்சுட்டேன்” என்றாள் மகள், உற்சாகமாக. “நீ சொல்றதும் சரிதான். அப்பா மாதிரி ஜாக்கிரதையான ஆளு யாரு இருக்கா? எனக்கே அவரோட ரூல் எல்லாம் மனப்பாடமா தெரியும். வெள்ளிக்கிழமை வர்றோம். டிக்கெட் போட்டுடட்டுமா?”

அவள் வாயைத் திறந்தாள். வெள்ளிக்கிழமை குழந்தை வரும். மெத்தையில் உருளும், நூல் சுற்றிய பாபினை வாயில் வைக்கும், கோட்டுகளையெல்லாம் இழுத்துப் போடும். ஒரே ஒரு “போடு” சொன்னால் போதும். இனிமேல்தான் ஒழுங்காகப் பார்க்கப் போகிறோமே. இனிமேல் தினமும் பார்க்கலாம், நூறு தரம் பார்க்கலாம். அந்த வார்த்தையும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, எழுந்து போய்ப் பார்க்காமலே “காலி” சொல்லிவிடுகிற மாதிரி. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“அம்மா? லைன்ல இருக்கியா?”

அவர் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “நாந்தாம்மா பேசறேன். டிக்கெட் போடாத.”

“ஏம்ப்பா? என்னாச்சு?”

“வேணாம்மா. அம்மாவ அங்க அனுப்பறேன். நீ வர்றவரைக்கும் அங்கயே இருந்து பாத்துக்கட்டும்.”

“அம்மாவுக்குக் கோட்டு ஆர்டர் இருக்கே? நீங்க தனியா என்ன பண்ணுவீங்க? என்னப்பா ரெண்டு பேரும் சண்டையா?”

“சண்டையெல்லாம் இல்ல.” அவர் மனைவியைப் பார்த்தார். அவள் மறுப்பாள் என்றோ காப்பாற்றுவாள் என்றோ எதிர்பார்த்த பார்வை இல்லை அது. “நா ஜாக்கிரதையான ஆளு இல்லம்மா. அப்புறமா எல்லாத்தையும் சொல்றேன். இப்ப சொல்ல வரல.”

அந்தப் பக்கம் மகள் ஏதோ கேட்க ஆரம்பித்தாள். அதற்குள் குழந்தை போனைப் பறித்துவிட்டது. மூச்சு விடும் சத்தமும், எச்சில் சத்தமும், அப்புறம் ஒரு அதிகாரக் கத்தலும். கத்தினால் குதிரை வேண்டும் என்று அர்த்தம்; தாத்தா குதிரை மாதிரிக் கனைக்க வேண்டும். அவர் போனைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து, உதட்டைப் படபடவென்று அடித்துக் கனைத்தார். அந்தப் பக்கம் கிளுகிளுவென்று சிரிக்கும் சத்தம் கேட்டது.

கனைத்துக்கொண்டே நடந்தார். இடது கையில் தோட்டா இன்னும் இருந்தது. பெல்ட்டின் வளையத்துக்குக் கொண்டு போனார், வைக்கவில்லை. பீரோவின் தலைமேல் வைக்கப்போனவர், பக்கத்தில் இருந்த ஸ்டூலைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார். பிரிட்ஜ் மேல். அலமாரியின் மேல்தட்டு. ஜன்னலுக்கு மேலே. ஒவ்வொரு இடத்திலும் கொஞ்ச நேரம் நின்று, கண்ணால் அளந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். போனில் கத்தல் மறுபடி வந்தது, அவரும் மறுபடி கனைத்தார்.

தையற்காரி பாக்கெட் துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவர் கூடத்தின் நடுவில் நின்றுவிட்டார். காலடியில் ஏற்கெனவே யாரோ நின்று எக்குவது போல, தோட்டா இருந்த கையைத் தலைக்கு மேல், எவ்வளவு முடியுமோ அவ்வளவு உயரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு.