ஓரத்தில் எழுதிய வரி

பிரூஸ் எழுந்தான். தேநீருக்கு வெந்நீர் வைக்கும் சமோவாரில் கரி போட்டான். முனைக்கடையில் ரொட்டி வாங்கி, பாலாடைக்கட்டியோடு பாதி தின்றான். மீதியைத் துணியில் சுற்றி வைத்தான். தேநீர் குடித்தான். தொப்பியை மாட்டிக்கொண்டு சங்கத்துக்குப் புறப்பட்டான். மனைவி தாவூஸ் இறந்த பிறகான இந்த நாற்பத்தெட்டு நாளில் ஒரு காலைகூட இதிலிருந்து மாறவில்லை.

தெஹ்ரானில் அந்த வருஷம் தெருவுக்கு ஒரு அரசியல் சங்கம். சட்டத்துக்குக் கட்டுப்படுவதாக மன்னர் ஷா சத்தியம் செய்துவிட்டார். அந்தச் சட்டத்தில் என்ன இருக்க வேண்டும் என்று ஆளாளுக்கு எழுதி, புதிய நாடாளுமன்றமான மஜ்லிஸுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பிரூஸின் சங்கத்துக்கு ஆதாரம் கோய் ஊர் மிர்சா அப்துர்ரஹீம் எழுதிய புத்தகம். முந்தைய ஷா காலத்திலேயே அதை எழுதி, எழுதியதற்காகவே சிறையில் செத்தவர் அவர். அரசு ஒருவனுடைய சொத்தல்ல, மக்கள் அவனிடம் ஒப்படைத்த தோட்டம் என்றார். ஒப்படைக்கும்போதே நிபந்தனைகளை எழுதி வாங்க வேண்டும். ராஜா நல்லவன் என்பது சட்டம் ஆகாது.

நகரத்தில் இருந்த ஒரே முழுப் பிரதி தாவூஸ் எழுதியது. போன குளிர்காலம் முழுக்க, கணப்பின் மேல் விரித்த போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டு, வெளியூரிலிருந்து இரவல் வாங்கிய மூலத்தை அவன் வாசித்தான். அவள் எழுதினாள். நடுவில் நிறுத்தி மிர்சாவோடு சண்டைக்குப் போவாள்.

"தோட்டத்த ஒப்படைச்சாச்சு, சரி. தோட்டக்காரனே ஆட்ட உள்ள விட்டா யாரு கூப்பாடு போடறது? உங்க மிர்சா எந்திரிச்சு வருவாரா?"

அவன் சிரித்ததில் கையிலிருந்த தேநீர் சிந்திப் போர்வை நனைந்தது. அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

அன்று சங்கத்தில் ஏழு பேர். தாவூஸின் பிரதியைப் பார்த்துப் புதிதாகப் படியெடுத்ததை, சங்கத்தின் எழுத்தர் சய்யித் மூசா உரக்கப் படித்தார். "நிபந்தனை மீறப்பட்டது என்று பாதிக்கப்பட்ட எவரும் சொல்லலாம். அப்படி எழுதாவிட்டால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள்."

அந்த வரியைப் பிரூஸ் அவளுக்கு வாசித்ததே இல்லை. விட்டுப்போன வரியை ஓரத்தில் எழுதிச் சின்னக் குறி போடுவது எழுத்தர் வழக்கம். அடுத்துப் படியெடுப்பவர் அதை உள்ளே சேர்த்துவிடுவார். தாவூஸ் தன் சொந்தச் சண்டையை ஓரத்தில் எழுதி, அதற்கும் அதே குறியைப் போட்டிருந்தாள். மூசா அதையும் உள்ளே சேர்த்துவிட்டார்.

"இந்த ஒரு வரிக்கே மிர்சாவ ஜெயில்ல போட்டிருப்பானுங்க," என்றார் தலைவர் ஹாஜி ஜலால்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் வரி மஜ்லிஸுக்குப் போகும், மிர்சாவின் வரியாக. உண்மையைச் சொன்னால் வரியை அடித்துவிடுவார்கள்.

"அது மிர்சா எழுதினது இல்ல," என்றான் பிரூஸ். "தாவூஸ் எழுதினது."

ஆண்கள் கூடிய இடத்தில் மனைவி பெயரை யாரும் சொல்வதில்லை. எல்லோரும் கம்பளத்தைப் பார்த்தார்கள்.

ஹாஜி தாடியைச் சொறிந்தார். "அந்த வரிய அடிச்சிடு, மூசா."

"ஹாஜி, நாலாம் அத்தியாயம். விதி யார் வாயிலேருந்து வந்துச்சுங்கறது முக்கியமில்ல, கட்டுப்படறவங்க ஒத்துக்கிட்டாங்களாங்கறதுதான் முக்கியம்னு இருக்கு. அது மிர்சாவே எழுதினது," என்றான் பிரூஸ்.

மூசா பேனாவைக் கீழே வைத்தார். "மாட்டிக்கிட்டீங்க, ஹாஜி. கை தூக்கச் சொல்லுங்க."

வரி இருக்கட்டும் என்று நாலு கைகள். நாலாவது மெதுவாகத்தான் எழுந்தது. ஹாஜியுடையது.

"பேர் மட்டும் வேண்டாம்," என்றார் அவர். பிரூஸ் தலையசைத்தான்.

கலைந்து போகும்போது ஹாஜி அவன் தோளைத் தொட்டார். "புண்ணியவதிப்பா. அல்லாவ நெனச்சு கலிமா சொல்லிட்டுத்தான் கண்ண மூடினாங்கன்னு உன் மாமியார் சொன்னாங்களாம்."

நாற்பத்தெட்டு நாளாக இதைச் சொன்ன எல்லோருக்கும் அவன் ஆமாம் போட்டிருந்தான்.

"இல்ல, ஹாஜி."

"பின்ன?"

பிரூஸ் சொன்னான். காய்ச்சலில் பிரதியைக் கேட்டு வாங்கி மார்பில் வைத்துக்கொண்டாள். பிறகு அவனைப் பார்த்துச் சொன்னாள். அதுதான் அவள் கடைசிப் பேச்சு.

"பன்னெண்டாம் பக்கத்துல ஒரு வரி தப்பாயிடுச்சு. நீங்க கை வைக்காதீங்க, உங்க எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். நாளைக்கு நானே பாத்துக்கறேன்."