கோதை பிடித்த தூளி

புது வீட்டுக்குக் குடி போனால் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எவ்வளவு உயரத்தில் நிற்பார்கள்? எங்கள் கோதை மின்விசிறி உயரத்தில் நின்றாள். இரண்டு வயசுக்கு அது நல்ல உயரம். அடுத்த வீட்டுப் பையன் குடி வந்தபோது ஜன்னல் திண்டு வரைக்கும்தான் போனானாம். ஒரு பிஸ்கட்டைக் காட்டியதும் இறங்கிவிட்டானாம்.

கோதையின் அப்பா பனியன் கம்பெனிக்கு வேலை மாறியதால் திருப்பூரில் வரிசையாய்க் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றுக்கு வந்தோம். ஊரில் மண்தரை. இங்கே வழவழவென்று டைல்ஸ். வாசற்படி தாண்டி இடுப்பிலிருந்து இறக்கிவிட்டேன். கோதை கால்களை மடக்கிக்கொண்டு கீழே பார்த்தாள்.

"இது யாரு?"

"தரை" என்றேன்.

அவளுக்கு அறிமுகமில்லை. மேலே போய்விட்டாள்.

மின்விசிறி போட முடியாது என்பதைத் தவிர பெரிய கஷ்டமில்லை. சோற்றை உருட்டி நீளக் கரண்டியில் நீட்டுவேன். கடைக்குப் போகும்போது அவள் அரைஞாண் கயிற்றில் சேலை முந்தியை முடிந்துகொள்வேன். தெருவே அண்ணாந்து பார்க்கும். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

ஆனால் நான் நிறைமாதம். வீட்டுக்காரம்மா நாச்சம்மாக்கா தினமும் எட்டிப் பார்த்து, "ஏங்கண்ணு, பாப்பா இன்னும் கால் வெக்கலியா?" என்பார். கடைசி வீட்டு மணியனுக்கு அப்படித்தான் ஆனதாம். கால் வைப்பதற்குள் தங்கச்சி பிறந்துவிட்டாள். அவன் கோபித்துக்கொண்டு ஜன்னல் வழியாக இன்னும் மேலே போய்விட்டான். இப்போது தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இருக்கிறான். சாப்பாடு அங்கேதான் போகிறது. நல்ல பையன்தான், ஆனால் மழைக்கு நனைகிறான்.

கோதை இறங்குவதற்குள் தம்பி பிறந்துவிட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து அவனைத் தூக்கிவந்தபோது அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் முதல் வேலையாக ஜன்னலைச் சாத்தினேன்.

தம்பி பாயில் படுக்க மாட்டேன் என்றான். தூளி கட்டலாம் என்றால் கான்கிரீட்டில் கொக்கி இல்லை. ஓட்டை போட நாச்சம்மாக்கா சம்மதிக்கவில்லை. மழைத்தண்ணி இறங்கிவிடுமாம். கோதையின் அப்பா ஸ்டூலில் ஏறி, சேலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். தம்பி தூங்கினான். ஷிப்டுக்கு நேரமானதும் அவர் இறங்கினார். தம்பி வீறிட்டான்.

கோதை திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு கை இரண்டையும் கீழே நீட்டினாள்.

"நான்."

சேலைத் தலைப்புகளைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டாள். ஒரு ஆட்டம், ஒரு நடுக்கம் இல்லை. எந்த வீட்டுக் கொக்கியும் அப்படிப் பிடித்திருக்காது. லைன் வீட்டுப் பெண்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள். "எம்புள்ளதாங்க" என்றேன், அவர்களுக்குத் தெரியும் என்றாலும்.

தம்பி பால் குடித்து எடை போட்டான். அவன் கனக்கக் கனக்க அவள் இறங்கினாள். ஜன்னல் மட்டத்துக்கு வந்தாள், பிறகு அடுப்பு மேடை மட்டத்துக்கு. எனக்குப் பால் நன்றாக ஊறட்டும் என்று அவர் பூண்டு பூண்டாக உரித்துப் போட்டார். ஒரு காலையில் தூளி தரையைத் தொட்டது. பின்னாலேயே கோதையின் கட்டைவிரலும் தொட்டது. பிறகு பாதம் முழுக்கப் பதிந்தது. அவள் கையிலிருந்து தம்பியை வாங்கிக்கொண்டு மின்விசிறியைப் போட்டேன்.

அப்போதுதான் பால்காரர் வெகு கீழேயிருந்து மணியடிப்பது கேட்டது. கதவைத் திறந்தால் வாசலில் தெரு இல்லை; வீடே மேலே போயிருந்தது. பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. மணியன் கையாட்டினான். புது ஆளாகத் தம்பி வந்து தரையைத் தொட்டது வீட்டுக்குக் கூச்சமாகிவிட்டது போலிருக்கிறது. கோதையின் அப்பா பால் சொம்பைக் கயிற்றில் கட்டப் போனார்.

கோதை குப்புறப் படுத்து டைல்ஸில் கன்னத்தை வைத்தாள். தட்டிக்கொடுத்தாள்.

"இது தம்பி" என்றாள் தரையிடம். "பயப்படாத. கால் வெய்யி."